யார் கையால் அளந்த பாகம்

இராமநாதபுரத்தில் உளவியல் முதலாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்

எல்லாருக்கும் வணக்கம்.

உளவியல் சோதனையும் அளவீடும் என்ற பாடம் இந்தப் பருவத்தில் தொடங்குகிறது, அதில் கணக்கு வருமே என்று வகுப்பில் பாதிப் பேர் பயந்துபோயிருக்கிறார்கள் என்று உங்கள் ஆசிரியை சொன்னார். நானும் பயந்தவள்தான். பன்னிரண்டாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு உளவியலுக்கு வந்தேன். இன்றைக்கு, இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்த பிறகு, கல்லூரியில் படித்ததில் எனக்கு அதிகம் கைகொடுத்தது எது என்று கேட்டால் இந்தப் பாடத்தைத்தான் சொல்வேன். அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அப்பா பாம்பனில் நாட்டுப்படகு ஓட்டியவர். அவர் காலத்தில் ஆழம் பார்க்க, கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலில் இறக்குவார்கள். குண்டு தரை தட்டியதும் கயிற்றை மேலே இழுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து அளப்பார்கள். ஒரு விரிப்பு ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. அப்பா குட்டை. பெரியப்பா நெடுநெடுவென்று இருப்பார். ஒரே இடத்தில் அப்பா கைக்கு எட்டுப் பாகம் வந்தால் பெரியப்பா கைக்கு ஏழரைதான் வரும். அதனால் படகில் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. தம்பி சொல்லும் எட்டு எவ்வளவு என்று பெரியப்பாவுக்குத் தெரியும். கை யாருடையது என்று தெரிந்திருந்ததால் அந்த எண்ணை வைத்து வலை விட முடிந்தது.

ஒரு பிள்ளையின் ஐ.க்யூ. இவ்வளவு என்று உங்கள் முன்னால் ஒரு தாள் வரும்போது, அதே கேள்வியைக் கேளுங்கள். இது யார் கையால் அளந்த பாகம்?

முதலில் எண்களைப் பற்றிக் கொஞ்சம். 1946இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவுகோல்களை நான்கு வகையாகப் பிரித்தார். பாடப்புத்தகத்தில் பெயரளவு, வரிசையளவு, இடைவெளியளவு, விகித அளவு என்று இருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம், பாம்பன் துறைமுகத்துக்குப் போய் நில்லுங்கள். படகின் பதிவு எண் வெறும் அடையாளம். 400ஆம் எண் படகு 200ஆம் எண் படகைவிட எந்த விதத்திலும் கூடுதல் கிடையாது. அப்புறம் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, ஒன்றிலிருந்து பதினொன்று வரை, அது வரிசை. 6ஆம் எண் ஏறினால் 3ஆம் எண்ணைவிட ஆபத்து அதிகம். ஆனால் இரண்டு மடங்கு ஆபத்து என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். வெப்பமானியில் ஒவ்வொரு டிகிரிக்கும் இடைவெளி சமம். ஆனாலும் பூஜ்யம் டிகிரி என்றால் வெப்பமே இல்லை என்று பொருளில்லை. ஏலக்கூடத்தில் நிறுக்கும் கிலோவுக்கு மட்டும்தான் உண்மையான பூஜ்யம் இருக்கிறது. பத்துக் கிலோ, ஐந்து கிலோவைப்போல் இரண்டு மடங்கு.

ஐ.க்யூ. இதில் எங்கே வரும்? பெரும்பாலான சோதனைகளில் சராசரியை 100 என்றும், மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை 15 என்றும் நாமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் பூஜ்யம் கிடையாது. 120 வாங்கிய பிள்ளைக்கு 60 வாங்கிய பிள்ளையைப்போல் இரண்டு மடங்கு அறிவு என்று சொன்னால் அது தப்பு. பட்டம் வாங்கியவர்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனம் நொந்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தப் பாடத்தின் உயிர் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. கிடைத்த மதிப்பெண் என்பது உண்மை மதிப்பெண்ணோடு பிழையும் சேர்ந்தது. கூடை மீனைத் தராசில் வையுங்கள். ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிய பிறகு மறுபடி வையுங்கள். மீன் அதே மீன், எண் வேறு. பிள்ளையும் அப்படித்தான். நேற்று ராத்திரி தூங்கினானா, காலையில் சாப்பிட்டானா, சோதனை வைக்கிறவரைப் பார்த்துப் பயந்தானா என்று எல்லாமே அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. ஒரு சோதனை திரும்பத் திரும்ப வைத்தாலும் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதை நம்பகத்தன்மை என்கிறோம். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் வரும் எண் அது.

இப்போது பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனையின் நம்பகத்தன்மை 0.91 என்று வைத்துக்கொள்வோம், நல்ல சோதனைதான். ஒன்றிலிருந்து 0.91ஐக் கழித்தால் 0.09. அதன் வர்க்கமூலம் 0.3. அதைத் திட்ட விலக்கம் 15ஆல் பெருக்கினால் 4.5. இதற்கு அளவீட்டின் திட்டப் பிழை என்று பெயர். ஒரு பிள்ளைக்கு 68 வந்திருக்கிறது. நூற்றுக்கு 95 உறுதியோடு பேச வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 9 விட வேண்டும். அதாவது அந்தப் பிள்ளையின் உண்மை நிலை 59க்கும் 77க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இவ்வளவு நல்ல சோதனையிலேயே இப்படி! அறிவுத்திறன் குறைபாடு என்று பேசத் தொடங்கும் எல்லைக்கோடு வழக்கமாக 70 பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடும்பத்துக்கு வரும் உதவியே மாறிப்போகலாம். அதனால்தான் ஒற்றை எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது. தானே சாப்பிடுகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிறானா என்று அன்றாட வாழ்க்கைத் திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வர்க்கமூலத்தைப் போடச் சலித்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் ஒரு பிள்ளை இருக்கிறது.

இந்தக் கரையில் நின்றுகொண்டு நான் இதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. நான் சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "ஏர்வாடிக்கா?" மனநோய்க்குக் குணம் தேடி மக்கள் வரும் தர்கா இருக்கும் ஊர் அது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஒருவருக்கு மனநோய், ஒருவருக்கு மந்தம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயர் அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. பெயர் வைக்கும் தாளில் நாளைக்குக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

இந்தத் துறைக்கே ஒரு கப்பல் கதை உண்டு. பிரான்சில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1905இல் 30 பயிற்சிகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதுதான் நோக்கம். ஒருவருக்கு அறிவு இவ்வளவுதான், இனி கூடவே கூடாது என்று பேசியவர்களை அவர் கடுமையாக மறுத்தார். 1911இல் அவர் இறந்துபோனார். அதற்குள் சோதனை அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடர்டு அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்து, நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு வைத்துப் பார்த்தார். கப்பலின் அடித்தளத்தில் நாள்கணக்கில் கிடந்து வந்தவர்கள், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதில் சொல்கிறார்கள். பெரும்பாலோர் மந்த புத்தி என்று முடிவு வந்தது. 1928இல் காடர்டே தன் கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். ஆனால் அந்த முடிவுகள் அதற்குள் நாடு முழுக்கப் பரவியிருந்தன.

நம் நாட்டிலும் இதைச் சரிசெய்ய உழைத்தவர்கள் இருக்கிறார்கள். பினேயின் சோதனையைக் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்காகத் திருத்தி அமைத்தவர் காமத். படித்தவர், படிக்காதவர் இருவருக்கும் வைக்கிற மாதிரி, கையால் செய்து காட்டும் ஐந்து சோதனைகளை பாட்டியா 1955இல் தொகுத்து வெளியிட்டார். மரியாதைக்குரிய வேலை. ஆனால் கையேட்டைத் திறந்து பாருங்கள். பாட்டியா தன் சோதனையைத் தரப்படுத்தியது, அதாவது மதிப்பெண்களை ஒப்பிடும் அட்டவணையை உருவாக்கியது, உத்தரப் பிரதேசத்துச் சிறுவர்களை வைத்து, வயது 11 முதல் 16 வரை. தங்கச்சிமடத்துச் சிறுமி ஒருத்தியின் மதிப்பெண்ணை அந்த அட்டவணையில் தேடும்போது அவளை யாரோடு ஒப்பிடுகிறோம்? பெரியப்பா கையை எடுத்து அப்பா கயிற்றை அளக்கிறோம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு செய்முறை வகுப்பு. ஆளுக்குப் பத்துப் பொது அறிவுக் கேள்விகள் எழுதி வரச் சொன்னார் எங்கள் பேராசிரியர். நான் ஆசையாக ஒரு கேள்வி எழுதினேன்: "கச்சான் காற்று வலுத்து அடிக்கும் மாதங்களில் மண்டபத்துக்காரர் எந்தக் கடலில் தொழில் செய்வார்?" உங்களில் பலர் இப்போதே வடகடல் என்று முணுமுணுக்கிறீர்கள், காதில் விழுகிறது. கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றில், மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும், வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றில், பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கலங்கும், நமக்கு அது மூன்று வயதில் தெரிந்த விஷயம். வகுப்பில் இருபது பேருக்கு வைத்தோம். சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர். ஒருவன் தொண்டி, ஒருத்தி கீழக்கரை, இன்னொருத்தி குத்துமதிப்பாகச் சொன்னாள். இருபதில் மூன்று, அதாவது கேள்வியின் எளிமை அளவு 0.15, ரொம்பக் கடினம். மொத்த மதிப்பெண்ணில் முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் ஒரே மாதிரி தவறு செய்திருந்தார்கள். அப்படியென்றால் அந்தக் கேள்வியால் யாரையும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

பேராசிரியர் கேட்டார், "இந்தக் கேள்வி அறிவை அளக்கிறதாம்மா, பிறந்த ஊரை அளக்கிறதா?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. நகரத்துப் பிள்ளைகள் எழுதிய கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மின்தூக்கி, சிக்னல், மிருகக்காட்சிசாலை. "இந்தப் பத்தையும் பாம்பனில் ஒரு பள்ளியில் வைத்தால்?" என்று கேட்டார். ஏற்புடைமை என்றால் என்ன என்று நான் அன்றைக்குத்தான் படித்தேன். எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பதுதான் ஏற்புடைமை. சோதனையின் கேள்விகள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போகலாம், அந்த ஒத்துப்போவதை அளக்கக் குரோன்பாக் 1951இல் கொடுத்த ஆல்ஃபா எண்ணும் உயரமாக வரலாம். எல்லாக் கேள்வியும் சேர்ந்து பிறந்த ஊரையே அளந்தாலும் ஆல்ஃபா உயரமாகத்தான் வரும்.

மனச்சோர்வுக்கான வினாத்தாளோடு நான் சின்னப்பாலத்துக்குப் போன நாளையும் சொல்ல வேண்டும். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஒரு பெரியம்மா மணலில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணிக்கிழிசலை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்கச் சுற்றுவது. ஈரத்தில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் கேள்வியைப் படித்தேன். வழக்கத்தைவிட வெகு சீக்கிரமே விழிப்பு வந்துவிடுகிறதா?

அவர் கை நின்றது. "எந்த நாளைக் கேக்குற தாயி? அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடலுக்குப் போற நாள்ல ரெண்டு மணிக்கே முழிப்புதான். போகாத நாள்ல புள்ளைங்க படிப்பை நெனச்சு முழிப்பு. ரெண்டும் ஒண்ணா?"

ரெண்டும் ஒன்றில்லை. ஆனால் என் தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது. அதில் டிக் போட்டால், தொழிலுக்காக எழும் பெண்கள் அத்தனை பேருக்கும் நோயின் கணக்கில் ஒரு மதிப்பெண் ஏறிவிடும். அப்புறம் சோகமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "சோகமெல்லாம் இல்ல, நெஞ்சுதான் கல்லு வச்ச மாதிரி கனத்துக் கெடக்கு" என்றார். என் தாளில் நெஞ்சு கனப்பதற்கு இடமே இல்லை. அவர் சொன்னதை ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் உங்கள் செய்முறை தொடங்குகிறது. சோதனைப் பெட்டியைத் திறந்ததும் கட்டைகளையும் ஸ்டாப் வாட்சையும் எடுக்கத்தான் கை போகும். முதலில் கையேட்டை எடுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர்ப் பிள்ளைகள், எத்தனை பேர், நம்பகத்தன்மை எவ்வளவு என்பதை ரெக்கார்ட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சோதனைக்கு உட்காரும் ஆளிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

அப்புறம் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு, மனது சரியில்லை என்பதை உங்கள் ஊரில் என்னென்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று அவர்கள் வாயால் வந்தபடியே எழுதி வாருங்கள். தொண்டியில் ஒன்று வரும், தேவிப்பட்டினத்தில் வேறொன்று வரும். இந்த மாதக் கடைசியில் மறுபடி வருகிறேன். அத்தனையையும் மேசையில் பரப்பி வைத்து, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.