யூஎஸ்பியில ஓடுது, பேட்டரியில எரியல: ரெகுலேட்டரை மாத்தினா போதுமா?

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வியை மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்கேன். ஒரு தம்பி எழுதியிருக்கார்: "6எஸ் ட்ரோன். ப்ளைட் கன்ட்ரோலர்ல யூஎஸ்பி போட்டா பீட்டாஃப்ளைட்ல கனெக்ட் ஆகுது, கைரோ அசையுது. பேட்டரி போட்டா ஒரு எல்இடி கூட எரியல. இது ரெண்டாவது போர்டு. கெபாசிட்டர் போட்டுத்தான் இருக்கேன். ரெகுலேட்டர் ஐசியை மட்டும் மாத்திடலாமா?" (6எஸ்னா ஆறு செல் பேட்டரி, முழு சார்ஜ்ல 25.2 வோல்ட். ப்ளைட் கன்ட்ரோலர்தான் ட்ரோனோட மூளை போர்டு, பீட்டாஃப்ளைட் அதை செட் பண்ற சாஃப்ட்வேர், கைரோ ட்ரோன் சாயுறதை உணர்ற சென்சார்.) கூடவே போட்டோவும் அனுப்பியிருக்கார். அந்த போட்டோவுக்கு அப்புறம் வர்றேன், பதில்ல பாதி அதுலதான் இருக்கு.

பவர் லைன் பத்தின வீடியோ பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், போர்டுல ரெண்டு கட்டமா வோல்டேஜ் இறங்குது. முதல்ல பேட்டரி வோல்டேஜை 5 வோல்ட்டுக்கு இறக்குற பக் கன்வெர்ட்டர், தம்பி ரெகுலேட்டர்னு சொல்றது இதைத்தான். சதுரமா, சாம்பல் நிறத்துல ஒரு காயில் இருக்கும், பக்கத்துல சின்ன ஐசி. அடுத்தது அந்த 5 வோல்ட்டை 3.3 ஆக்குற எல்டிஓ, அதுலேர்ந்துதான் ப்ராசஸருக்கும் கைரோவுக்கும் கரென்ட் போகுது. யூஎஸ்பி குடுக்குற 5 வோல்ட் பக் வழியா வராது, நேரா எல்டிஓ பக்கம் சேரும். அதனால யூஎஸ்பியில ஓடி பேட்டரியில ஓடலைன்னா எல்டிஓ, ப்ராசஸர், கைரோ மூணும் உயிரோட இருக்கு, பெரும்பாலும் பக்தான் போயிருக்கும். தம்பியோட போர்டு காப்பாத்தக்கூடிய போர்டுதான்.

ஆனா பக் ரெண்டு விதமா சாகும். திறந்த மாதிரி செத்தா 5 வோல்ட் வராது, அவ்வளவுதான். உள்ள இருக்கிற மேல்பக்க ஸ்விட்ச் ஷார்ட் ஆகி செத்தா பேட்டரி வோல்டேஜ் முழுசா காயில் வழியா 5 வோல்ட் லைனுக்கு வந்துடும். ரிசீவர், ஜிபிஎஸ், எல்டிஓ, ப்ராசஸர்னு வரிசையா போகும். எஸ்டிஎம்32 ப்ராசஸர் 4 வோல்ட்டுக்கு மேல தாங்காது. அதனால சந்தேகம் இருக்கிற போர்டுல பேட்டரியையும் யூஎஸ்பியையும் ஒரே நேரத்துல போடாதீங்க. நடுவுல இருக்கிற ஒரு சின்ன டயோடை நம்பி லேப்டாப்பை பணயம் வைக்க வேண்டாம்.

சோதிக்கிற முறை. ரிசீவர், ஜிபிஎஸ், கேமரா, விடிஎக்ஸ் (வீடியோ அனுப்புற ட்ரான்ஸ்மிட்டர்), இஎஸ்சி (மோட்டாரை ஓட்டுற போர்டு) கேபிள் எல்லாத்தையும் கழட்டுங்க. பாதி நேரம் ஷார்ட் போர்டுல இருக்காது, தட்டுக்கும் கார்பன் ஃப்ரேமுக்கும் நடுவுல நசுங்கின ஜிபிஎஸ் ஒயர்ல இருக்கும். கார்பன் கரென்ட் கடத்தும், மறந்துடாதீங்க. அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வையுங்க, பீப் மோடு வேண்டாம். கெபாசிட்டர் சார்ஜ் ஆகுற நேரத்துலயே பீப் அடிச்சு ஏமாத்தும். 5 வோல்ட் பேடுக்கும் (ஒயர் சால்டர் பண்ற இடம்) கிரவுண்டுக்கும் நடுவுல, 3.3-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, பேட்டரி பேடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளந்து பாருங்க. எண் ஏறிக்கிட்டே போய் நின்னா நல்லது. ஒண்ணு ரெண்டு ஓம்ல அப்படியே நின்னா ஷார்ட். அதே மாடல்ல நல்ல போர்டு ஒண்ணு இருந்தா ஒப்பிட்டுப் பாருங்க, அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஷார்ட் இல்லைன்னா யூஎஸ்பி மட்டும் போட்டு 3.3 லைனை அளங்க. 3.25-லேர்ந்து 3.35 வரைக்கும் இருந்தா சரி. 4-க்கு மேல காட்டினா உடனே பிடுங்குங்க, எல்டிஓ 5 வோல்ட்டை அப்படியே உள்ள விடுது. அந்த நேரத்துல 5 வோல்ட் பேடுல ஒண்ணும் வரலையேன்னு பயப்படாதீங்க, சில போர்டுல யூஎஸ்பியை அந்த பேடுக்கு வேணும்னே விடமாட்டாங்க. எது சூடாகுதுன்னு தெரியலைன்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி பரப்புங்க, முதல்ல காயுற இடம்தான் குற்றவாளி.

கடைசியா பேட்டரி. நேரா போடாதீங்க, பாசிட்டிவ் ஒயர்ல தொடரா ஒரு பல்பு வையுங்க. 4எஸ்னா 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும். 6எஸ்னா லாரிக்குப் போடுற 24 வோல்ட் 21 வாட் பல்பு. இந்த 24 வோல்ட் பல்புல முழு ஷார்ட்டா இருந்தாலும் சுமார் 0.9 ஆம்பியருக்கு மேல ஓடாது. பல்பு முழுசா எரிஞ்சா கழட்டுங்க. எரியலைன்னா பக் ஐசியோட இன்புட் காலையும் காயிலோட வெளிப்பக்கத்தையும் அளங்க. உள்ள பேட்டரி வோல்டேஜ் இருக்கு, வெளிய பூஜ்யம்னா ஐசி போச்சுன்னு நம்பலாம்.

சரி, மாத்தலாமா? மாத்தலாம், அதே நம்பர் ஐசி கிடைச்சா. கால் ஒத்துப்போகுதுன்னு வேற எதையாவது வெச்சுடாதீங்க. அவுட்புட்டை முடிவு பண்றது ரெண்டு ரெசிஸ்டரும் ஐசிக்குள்ள இருக்கிற ரெஃபரன்ஸ் வோல்டேஜும். 0.6 வோல்ட் ரெஃபரன்ஸுக்குக் கணக்குப் போட்ட போர்டுல 0.8 ஐசியை வெச்சா 5-க்குப் பதிலா 6.67 வோல்ட் வரும். ரிசீவர் அன்னிக்கே போயிடும். ஐசி கிடைக்கலைன்னா காயிலைக் கழட்டிட்டு, வெளியிலேர்ந்து ஒரு 5 வோல்ட் 3 ஆம்பியர் பிஇசி மாட்யூலை (பேட்டரியை 5 வோல்ட்டுக்கு இறக்குற தனி ரெகுலேட்டர்) 5 வோல்ட் பேடுல சால்டர் பண்ணுங்க. காயில் போனா செத்த ஐசிக்கும் 5 வோல்ட் லைனுக்கும் தொடர்பு அறுந்துடும். பேட்டரி வோல்டேஜ் காட்டுற சர்க்யூட் தனி, அது பாட்டுக்கு ஓடும். ஆனா பேட்டரி பேடே கிரவுண்டோட ஷார்ட்னா ஐசியையும் எடுத்தாகணும்.

இது கேட்ட கேள்விக்குப் பதில். ரெண்டு போர்டு ஏன் செத்துச்சுன்னு தம்பி கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை. ரெகுலேட்டர் தானா சாகாது. எப்பவும் சொல்றதுதான், திரும்பவும் சொல்றேன், தானா சாகாது.

இப்ப போட்டோ. 1000 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர் இருக்கு, ஆனா எக்ஸ்டி60 பேட்டரி கனெக்டர் கிட்ட, ரெண்டு அங்குல ஒயர் நீட்டி, டேப் சுத்தி. மோட்டார் பிரேக் பிடிக்கும்போது அந்த ஆற்றல் பேட்டரி பக்கம் திரும்பி வரும். ஒயருக்கு இண்டக்டன்ஸ் இருக்கு, வேகமா மாறுற கரென்ட்டை அது எதிர்க்கும், வோல்டேஜ் துள்ளும். கெபாசிட்டருக்கு நீட்டின ஒயரும் ஒயர்தானே? அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். கெபாசிட்டர் இஎஸ்சி பேடுலயே இருக்கணும், அதோட கால் சில மில்லிமீட்டர்தான் இருக்கணும், பாசிட்டிவ் நெகட்டிவ் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாம பக்கத்துல. பேட்டரி சொருகுற நிமிஷமும் அப்படித்தான். போர்டுல இருக்கிற செராமிக் கெபாசிட்டரும் ஒயரும் சேர்ந்து ஊஞ்சல் ஆடும், உச்சம் பேட்டரியோட ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம். 25.2-க்கு ரெண்டு மடங்குன்னா 50 வோல்ட். டிபிஎஸ்54331 மாதிரி ஐசிக்கு இன்புட் எல்லை 28. எல்எம்ஆர்14030-க்கு 40. நல்ல எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் ஒண்ணு பக்கத்துல இருந்தா இந்த ஊஞ்சலை அடக்கும். 6எஸ்னா 50 வோல்ட் கெபாசிட்டரே வாங்குங்க, 35 வேண்டாம்.

டிவிஎஸ் டயோடு (வோல்டேஜ் துள்ளினா வெட்டி விடுற டயோடு) போதுமான்னு அடிக்கடி கேக்குறீங்க. எஸ்எம்பிஜே28ஏ-ங்கிற பேர்ல 28 இருக்கு, ஆனா அது கடத்த ஆரம்பிக்கிறதே 31 வோல்ட்டுக்கு மேல. முழு அடியில 45.4 வரைக்கும் விடும். கூடுதல் பாதுகாப்பா வையுங்க, கெபாசிட்டருக்குப் பதிலா வைக்காதீங்க.

போட்டோல இன்னொண்ணு. பின்னாடி 16 எல்இடி பட்டை, 5 வோல்ட் பேடுலேர்ந்தே. டபிள்யூஎஸ்2812 எல்இடி ஒண்ணு முழு வெள்ளையில சுமார் 60 மில்லிஆம்பியர். 16-க்கு 0.96 ஆம்பியர். மேல ரிசீவர், ஜிபிஎஸ், கேமரா. போர்டுல 2 ஆம்பியர்னு எழுதியிருந்தாலும், மேசை மேல காத்தே இல்லாம அரை மணி நேரம் செட்டிங் பார்க்கும்போது அந்தச் சின்ன ஐசி வெந்துடும். எல்இடிக்கு தனி பிஇசி குடுத்துடுங்க தம்பி.

விழுந்து எழுந்த ஒவ்வொரு தடவையும் கெபாசிட்டர் காலை லேசா ஆட்டிப் பாருங்க. அதிர்வுல உள்ள விரிசல் விட்டு, வெளிய ஒட்டின மாதிரியே இருக்கும். வீடியோல திடீர்னு கோடு ஓட ஆரம்பிச்சா அதுவும் இதோட அறிகுறிதான். சால்டர் பண்ணி, உடம்பை ஃப்ரேமோட சிலிகான் வெச்சு ஒட்டிடுங்க.

சரி பண்ணின போர்டை முதல் தடவை அதே பல்பு வழியா போடுங்க. 5 வோல்ட் பேடுல 4.9-லேர்ந்து 5.2-க்குள்ள நிக்குதான்னு பார்த்துட்டு, அப்புறம் ரிசீவர், அது ஓடின பிறகு ஜிபிஎஸ், கடைசியா கேமரான்னு ஒண்ணொண்ணா மாட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மீட்டரைத் தொட்டுப் பாருங்க.