மவுஸ் யார் கையில்? ஒரு கணினியும் நான்கு பிள்ளைகளும்

(காட்சி: பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டின் முன்னறை. மாலை நேர டியூஷன். ஒரே மடிக்கணினியைச் சுற்றி நான்கு பிள்ளைகள்.)

வணக்கம். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. நடுவில் இருப்பவன் மவுஸைப் பிடித்திருக்கிறான். அவன் தோளுக்கு மேலாக ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். ஓரத்துப் பிள்ளைக்குப் பாதித் திரைதான் தெரிகிறது. பார்ப்பதற்குச் சேர்ந்து படிப்பதுபோல் இருந்தாலும், ஒரு பிள்ளை படிக்க, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன.

இந்தச் சிக்கலை ஆழமாக ஆராய்ந்தவர்கள் பணியாற்றியதும் இதே ஊரில்தான். 2005-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வகத்தின் வழியாக உதய் சிங் பவார், ஜொயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர், ஒரு கணினியைப் பல பிள்ளைகள் பகிரும் பள்ளிகளைக் கவனித்து, மவுஸைக் கைப்பற்றும் பிள்ளையே பாடத்தையும் கைப்பற்றிவிடுவதைக் கண்டனர். அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது: ஒரே கணினியில் பல மவுஸ்களை இணைத்து, திரையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுட்டுக்குறி கொடுத்தார்கள்.

(காட்சி: திரையில் வெவ்வேறு நிறங்களில் நான்கு அம்புக்குறிகள்.)

ஆனால் ஆளுக்கொரு மவுஸ் கொடுத்தால் மட்டும் போதுமா? 2007-இல் வெளியான அவர்களின் ஆய்வு, கிராமப்புறப் பள்ளிகளில் 11, 12 வயதுடைய 238 பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பித்து இதைச் சோதித்தது. ஒரு வடிவத்தில் பிள்ளைகள் போட்டியிட்டார்கள், இன்னொன்றில் ஒத்துழைத்தார்கள். ஒத்துழைப்பு வடிவம் நல்ல பலன் தந்தது. தனிக் கணினி கிடைத்த பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஈடாக இவர்களும் கற்றார்கள். என் பார்வையில், கருவியின் எண்ணிக்கையைவிட விளையாட்டின் விதிக்கே அதிக வலு உண்டு என்பதுதான் இந்த ஆய்வின் மிகப் பெரிய கொடை. முந்துபவருக்கே வெற்றி என்றால் யோசிக்காமல் சொடுக்கத் தோன்றும். எல்லோரும் ஒப்பினால்தான் அடுத்த கேள்வி என்றால் பக்கத்துப் பிள்ளைக்குப் புரியவைத்தே ஆக வேண்டும்.

இதைச் செய்து பார்க்கப் புதிய மென்பொருள் தேவையில்லை. முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா என்ற கேள்வி திரையில் வருகிறது என்று கொள்வோம். யாரும் மவுஸைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் தன் விடையை நோட்டில் எழுதட்டும். பிறகு இருவர் இருவராகப் பேசட்டும். “முக்காலில் கால் பங்குதான் குறையுது, இதில் மூன்றில் ஒரு பங்கே குறையுதே, அப்போ எது பெரிசு?” என்று ஒரு பிள்ளை காகிதத்தைக் கிழித்துக் காட்டும்போது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒருசேரத் தெளிவு பிறக்கிறது. தனியே யோசித்து, இருவராகப் பேசி, வகுப்போடு பகிரும் இம்முறையை 1981-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் முன்வைத்தார், மும்பை ஐ.ஐ.டி.யின் கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் மிகப் பெரிய புரோகிராமிங் வகுப்பிலேயே இதை நடத்தி ஆராய்ந்திருக்கிறார்கள்.

(காட்சி: நான்கு நோட்டுகளும் மேசைமேல் விரிந்திருக்கின்றன, இரண்டில் விடை திருத்தப்பட்டிருக்கிறது.)

விடைகள் ஒன்றாகாத இடத்தில் ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விடையை மாற்றிக்கொண்ட பிள்ளையிடம், எந்தக் காரணம் கேட்டு மாற்றிக்கொண்டாய் என்று முதலில் கேளுங்கள். அதைச் சொல்லி முடித்த பிறகு, அந்தப் பிள்ளையே சொடுக்கட்டும்.