சிறிய கேள்வியின் பெறுமதி: பல்கலைக்கழக மாணவர் ஆய்வு குறித்து ஓர் உரை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர் இறுதி ஆண்டில் ஓர் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும் என்பது பெரும்பாலான துறைகளில் உள்ள நடைமுறை. விஞ்ஞானபீடத்து மாணவருக்கு அது ஆய்வுகூடத்திலும் களத்திலும் நடக்கும் வேலை. கலைப்பீடத்து மாணவருக்கு நூலகத்திலும் சுவடிக்கூடத்திலும் மனிதர்களிடையேயும் நடக்கும் வேலை. நுண்கலை மாணவருக்கோ மேடையிலும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டு முற்றத்திலும் நடப்பது. வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சு வருவது அரிது. பிள்ளை கம்பஸில் ஏதோ எழுதிக் கொடுக்கிறது என்பதோடு பெற்றோர் நிறுத்திக்கொள்கிறார்கள்; பிள்ளையும் மேற்கொண்டு விளக்குவதில்லை. இன்றைய உரையில் அந்த ஆய்வேட்டைப் பற்றியும், குறிப்பாக அதன் தொடக்கத்தில் நிற்கும் கேள்வியைப் பற்றியும் பேச விரும்புகிறேன். ஓராண்டுக்குள் ஒரு மாணவர் செய்து முடிக்கும் ஆய்வு தேறுவதும் தேறாமற் போவதும், அந்தக் கேள்வி எவ்வளவு சிறிதாக வெட்டப்பட்டது என்பதிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கிறது என்பது, மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

மாணவர் முதலிற் கொண்டுவரும் தலைப்புகளின் அகலம் எவரையும் திகைக்க வைக்கும். 'இலங்கையில் நீர் மாசடைதல்', 'ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளும் சமூக மாற்றமும்', 'மட்டக்களப்புக் கூத்து மரபு' என்று தொடங்கி, கடைசியில் 'ஓர் ஆய்வு' என்றொரு ஒட்டும் வரும். அந்த ஒட்டு இல்லாவிட்டால் ஆய்வு என்று எவரும் நம்பமாட்டார்கள் போலும். இவற்றுள் எதையும் ஒரு பேராசிரியர் தம் ஆயுட்காலத்திலேனும் முடிப்பது சந்தேகம். ஆகவே மாணவர், ஏற்கெனவே அச்சில் வந்தவற்றைத் தொகுத்து, அறிமுகமானவர்களிடம் ஒரு வினாக்கொத்தை நிரப்புவித்து, இறுதி அத்தியாயத்தில் அரசாங்கம் செய்ய வேண்டியவை என்று பரிந்துரைகளை அடுக்கி, அழகாகக் கட்டுவித்துக் கொடுத்துவிடுகிறார். அவர் தாமாகக் கண்டது அதில் ஒன்றும் இராது. குற்றம் முழுவதும் அவருடையதென்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தலைப்பை அனுமதித்துக் கையொப்பமிட்டவர்களும் நாங்களே.

கொழும்பிலுள்ளவர்கள் தினமும் கடந்து போகும் பேர வாவியை எடுத்துக்கொள்வோம். நீர் பச்சையாகக் கிடப்பதும், சில நாட்களில் நாற்றம் எழுவதும், இடையிடையே மீன்கள் செத்து மிதப்பதும் நாமறிந்தவை. வாவியின் மாசடைதல் முழுவதையும் ஆராயப் போகிறேன் என்று வரும் இரசாயனவியல் மாணவரிடம், ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், விடியுமுன் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை மட்டும் அளந்து வாருங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். பகலில், நீரைப் பச்சையாக்கும் நுண்ணிய அல்காக்களும் சயனோபற்றீரியாக்களும் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவிலோ அவையும், அழுகும் சேதனப் பொருளை உண்ணும் பற்றீரியாக்களும் சேர்ந்து அதே ஒட்சிசனைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. 30 பாகை செல்சியசில் நன்னீர் வளியிலிருந்து பெற்று வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. பச்சை நீரில் பிற்பகல் அளவீடு இதையும் தாண்டிப் போகலாம், விடியற்கால அளவீடு மீன் உயிர்வாழ முடியாத நிலைக்கு இறங்கலாம். காலை பத்து மணிக்கு வசதியாக மாதிரி எடுத்துத் திரும்பிய ஒருவர் இந்த இரண்டையும் தவறவிட்டு, வாவி ஓரளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிவிடக்கூடும்.

அளக்கும் முறையோ 1888இல் ஹங்கேரிய இரசாயனவியலாளர் வின்க்லர் வெளியிட்டது, இன்றும் மாணவர் ஆய்வுகூடங்களில் நடப்பது. போத்தலை வளிக்குமிழி ஒன்றும் புகாமல் நிரப்ப வேண்டும். மங்கனீசு சல்பேற்றும் காரமாக்கப்பட்ட அயடைட்டும் சேர்த்து மூடித் தலைகீழாகப் புரட்டினால் வீழ்படிவு ஒன்று தோன்றும். ஒட்சிசன் இருந்தால் அது கபில நிறமாகவும், இல்லையென்றால் வெண்மையாகவும் இருக்கும். பின்னர் அமிலம் சேர்த்து, வெளிவரும் அயடீனைச் சோடியம் தயோசல்பேற்றைத் துளித்துளியாக விட்டு நியமிக்கும்போது, சேர்த்த மாப்பொருளின் நீலம் மறையும் துளியோடு அளவியை நிறுத்த வேண்டும். வாவிக் கரையில் விடியுமுன் நின்று, வீழ்படிவு வெள்ளையாக இறங்குவதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் கண்ட மாணவர், போசணைமிகையாக்கம், அதாவது நீரில் போசணைச் சத்துகள் மிகுந்து அல்காக்கள் பெருகுவது, என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. வாவியில் அந்த ஓர் இடத்தின் ஒட்சிசன் பற்றி அந்தக் காலையில் அவரை விட அதிகம் தெரிந்தவர் இந்த நாட்டில் இருக்கமாட்டார். இளங்கலை ஆய்வு என்று நான் கருதுவது இதைத்தான்.

கலைப்பீடத்துக்கு வருவோம். வரலாறோ சமூகவியலோ படிக்கும் ஒருவர் தமிழ்ப் பத்திரிகைகளை வைத்துச் சமூக மாற்றத்தை ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் 1930இல் தொடங்கிய வீரகேசரி ஒன்றையே முழுவதும் வாசிக்க ஓராண்டு போதாது. ஆனால் அதன் மரண அறிவித்தல்களை மட்டும், 1975 ஜனவரியிலும் 1995 ஜனவரியிலும் மட்டும் எடுத்தால் வேலை கைக்குள் அடங்கிவிடும். அந்த அறிவித்தலின் வாசகம் எங்களுக்கு மனப்பாடம்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையுமாவார். நாம் துக்கத்தோடோ அவசரத்தோடோ கடந்து போகும் இந்த வாசகத்துக்குள் ஓர் இடப்பெயர்வு வரலாறு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. கரவெட்டி பிறப்பிடம், வெள்ளவத்தை வதிவிடம், பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கனடா, இலண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா. பிறப்பிடமும் வதிவிடமும் வேறுபட்ட அறிவித்தல்கள் எத்தனை, பிள்ளைகளுள் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதாகக் குறிப்பவை எத்தனை என்று இரண்டு மாதங்களுக்கும் ஓர் அட்டவணை போட்டால் போதும். பழைய பத்திரிகைகளைத் தேடி வெகுதூரம் அலையவும் வேண்டியதில்லை. தேசிய சுவடிக்கூடமும் தேசிய நூதனசாலை நூலகமும் கொழும்பு ஏழிலேயே இருக்கின்றன.

அட்டவணை போட்ட பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் போடப் பணம் வேண்டும். ஆகவே கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளியும் மலையகத்தின் லயன் அறையில் இறந்தவரும் இந்தக் கணக்கில் மிகக் குறைவாகவே வருவார்கள். இறந்தவர் பெண்ணாயின், அவருடைய தொழில் விடுபட்டு, இன்னாரின் பாரியார் என்ற அறிமுகமே முந்திக்கொண்டு நிற்கும். எனவே இந்த எண்கள் தமிழர் எல்லோருடைய இடப்பெயர்வையும் காட்டுவன அல்ல. அறிவித்தல் போடும் வசதி படைத்த குடும்பங்களின் இடப்பெயர்வைக் காட்டுவன. இந்த ஒரு வாக்கியத்தைத் தாமாகவே எழுதத் தெரிந்த மாணவருக்கு மாதிரி எடுத்தலின் குறைபாடுகள் பற்றி நாம் தனியாக விரிவுரை நடத்த வேண்டியதில்லை. இன்னொன்று: அச்சில் வந்த பெயர்கள்தானே என்று அவற்றை ஆய்வேட்டில் அப்படியே எடுத்துப் போடக் கூடாது. அவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவபீடங்களில் மனிதர் சம்பந்தப்பட்ட ஆய்வு எதுவும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியில்லாமல் தொடங்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு கலைப்பீடங்களிலும் அதே இறுக்கத்தோடு இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நுண்கலைகளில் ஆய்வு என்பது நூல்களை வைத்து எழுதுவது மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு எங்களிடமே ஒரு நல்ல பதில் உண்டு. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றினார். ஊரில் விடியவிடிய வட்டக்களரியில், சுற்றிவர மக்கள் இருக்க ஆடப்பட்ட கூத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு, ஓரிரு மணித்தியாலங்களுக்குள் வர வேண்டியிருந்தது. எந்த ஆட்டத்தைச் சுருக்குவது, எந்தத் தாளக்கட்டை விடக் கூடாது, வட்டமாகச் சுழன்று ஆடியவர் இப்போது எந்தப் பக்கம் முகம் காட்டுவது என்பவையெல்லாம் உடம்பினால் ஆடிப் பார்த்தே விடை காண வேண்டிய கேள்விகள். அந்த மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, பேராசிரியராகவும் ஆனார். இன்று கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர் ஒருவர், ஒரே ஒரு பாத்திரத்தின் வரவு ஆட்டத்தை ஓர் அண்ணாவியாரிடம் பயின்று, அதன் தாளக்கட்டையும் அடிவைப்பையும் படமாகக் குறித்து வைத்தால், கூத்து மரபு முழுவதையும் பற்றி எழுதும் நூறு பக்கத்தை விட அது பின்வருபவர்களுக்குப் பயன்படும்.

பட்டம் பெறாதவர் செய்யும் ஆய்வுக்கு உலகத் தரம் எங்கே வரப்போகிறது என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1928இல், அங்கு வந்த ஜேர்மன் பௌதிகவியலாளர் சோமர்ஃபெல்டைத் தேடிச் சென்று சந்தித்தார். நீர் கற்றதெல்லாம் பழையதாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், அச்சுக்குப் போகவிருந்த தம்முடைய கட்டுரை ஒன்றின் படியை அவரிடம் கொடுத்தார். அதிலிருந்த புதிய புள்ளிவிபரவியல் முறையை எடுத்து, எக்ஸ் கதிர்கள் இலத்திரன்களில் பட்டுச் சிதறும் கொம்ப்டன் சிதறல் என்ற ஒரு குறித்த பிரச்சினைக்குப் பிரயோகித்துச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 1983இல் நோபல் பரிசு பெற்றவரின் தொடக்கம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் அவர் பௌதிகவியலை மாற்றியமைக்கப் புறப்படவில்லை. கையில் கிடைத்த புதிய கருவியை ஒரே ஒரு பிரச்சினையில் வைத்துப் பார்த்தார்.

அண்மைய உதாரணம் விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் நடுவிலிருந்து வருகிறது. கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற பண்டைய நகரில் கரியாகிப் போன, விரித்தால் நொறுங்கிவிடும் பப்பைரசுச் சுருள்களை எக்ஸ் கதிர்களால் படம்பிடித்து வைத்திருந்தார்கள். 2023இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக இளங்கலை மாணவர் லூக் ஃபரிட்டர், அந்தப் படங்களில் மை படிந்த இடத்து நுண்ணிய வெடிப்புகளை மட்டும் அடையாளம் காணக் கணினியைப் பயிற்றி, சுருளைத் திறக்காமலே ஒரு கிரேக்கச் சொல்லை வாசித்துக் காட்டினார். சுருள் என்ன சொல்கிறது என்பதை அவர் முதலிற் கேட்கவில்லை. மை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

இப்போது வேறொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 'இலங்கையில் நீர் மாசடைதல்' என்று கணினியிடம் கேட்டால் ஓர் அத்தியாயத்தை அது ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். அகன்ற தலைப்புகளின் காலம் முடிந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நேற்று விடியற்காலையில் பேர வாவியில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தது என்பதை, யாராவது போய் அளந்திருந்தாலன்றி, அது சொல்ல முடியாது.

சிறிய கேள்விக்கு எதிர்பாராத விடை வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும் அதை அப்படியே எழுத மாணவருக்கு இடம் கொடுக்க வேண்டும். மரண அறிவித்தல்களில் இரண்டு ஜனவரிகளுக்கும் வித்தியாசமே இல்லையென்றால், இல்லை என்பதுதான் கண்டுபிடிப்பு. பரீட்சகர் புள்ளி குறைத்துவிடுவார் என்ற பயத்தில் எண்களைச் சற்றே வளைக்கும் பழக்கம் இந்த வயதில் தொடங்கினால் பின்னர் அதை விடுவிப்பது கடினம். பரீட்சகர்களும் முடிவின் கவர்ச்சிக்குப் புள்ளி போடுவதை நிறுத்தி, முறையின் நேர்மைக்குப் போடத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, எழுதி முடித்த ஆய்வேடு எங்கே போகிறது என்பது. பெரும்பாலும் துறைத் தலைவரின் அறை அலுமாரிக்கு. அடுத்த வருடம் வரும் மாணவருக்கு அது இருப்பதே தெரியாமல், அதே தலைப்பை மறுபடி கொண்டுவருகிறார். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் தன் ஆய்வேடுகளின் தலைப்புகளையும் ஒரு பந்திச் சுருக்கத்தையும் வெளியிடுவதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. தமிழில் எழுதப்பட்டவற்றை ஆசிரியரின் சம்மதத்தோடு, 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வரும் 'நூலகம்' இணையத்தளம் போன்ற இடத்தில் வைக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும் விஞ்ஞான மாணவர் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பக்கச் சுருக்கம் இணைக்க வேண்டும் என்று விதி செய்யலாம். வாவிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு அதை வாசிக்கும் உரிமை உண்டு. மூல அளவீடுகளையும் பின்னிணைப்பாக வைத்திருந்தால், அடுத்த ஆண்டு மாணவர் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் மறுபடி அளக்கலாம். இது போன வருடமும் செய்யப்பட்ட தலைப்பு என்று அவரைத் திருப்பி அனுப்பாமல், அதற்காகவே அவரை ஏற்றுக்கொள்ளும்படி மேற்பார்வையாளர்களாகிய என் சக விரிவுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.