வாய்க்குள்ளால் கமரா விடுகிற டெஸ்ட்: போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

[திரை: விடியப்புறம், மண்டூர் ஓடத்துறை. குரல் மட்டும்.]

வணக்கம். எங்கள் பெரியம்மாவுக்கு எண்டொஸ்கோபி, அதாவது வாய்க்குள்ளால் கமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற டெஸ்ட், செய்ய வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மண்டூரில் இருட்டோடு ஓடம் ஏறி, குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால், "காலையில் ஏதும் குடிச்சீங்களா அம்மா?" என்று கேட்டார்கள். "ஒண்டும் சாப்பிடல்ல மகள், ஒரு பால் தேத்தண்ணி மட்டும்தான்" என்றார். அவ்வளவுதான், வேறு திகதி போட்டு அனுப்பிவிட்டார்கள். வெறும் வயிறு என்றால் சோறு சாப்பிடாமல் இருப்பது என்றுதான் அவர் நினைத்திருந்தார், விளக்கிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் யாருக்கு இந்த டெஸ்ட் என்று பார்ப்போம். நெஞ்செரிவு, வயிற்றெரிவு என்று வருகிற எல்லாருக்கும் கமரா தேவையில்லை, பலருக்குக் கொஞ்ச நாள் மருந்திலேயே சரியாகிவிடும். ஆனால் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நிற்கிறது, காரணமே இல்லாமல் உடம்பு மெலிகிறது, இரத்தமாகச் சத்தி எடுக்கிறார், மலம் தார் மாதிரிக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு போகிறது, இதில் ஒன்று இருந்தாலும் பாமசியில் கெஸ்டிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்கவே கூடாது. குளிசை எரிவை அடக்கிவிடும், ஆனால் உள்ளே கட்டி ஏதும் இருந்தால் அது அப்படியே இருக்கும். இரத்தமாகச் சத்தி வந்தால், கறுப்பு மலத்தோடு தலைசுற்று வந்தால், கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். (இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் மலம் கறுப்பாகும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.)

[திரை: உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் படம். குழாய் மெதுவாக இறங்குகிறது.]

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இடது பக்கம் சரிந்து படுக்க வைப்பார்கள். தொண்டை விறைக்க ஒரு ஸ்பிரே அடிப்பார்கள், சிலருக்கு மயக்கமாக இருக்க ஊசியும் போடுவார்கள். பல்லுக்கு இடையில் ஒரு வளையம் வைத்து, சின்னிவிரல் பருமன்கூட வராத வளையும் குழாயை விழுங்கச் சொல்வார்கள். பெரியம்மாவின் பெரிய பயம் "மூச்சு அடைச்சிருமே" என்பதுதான். அடைக்காது. குழாய் போவது சாப்பாடு போகிற வழியால், மூச்சுக்குழாய் வேறு வழி. ஓங்காளம் வரும், வயிறு காற்றால் ஊதின மாதிரி இருக்கும், ஆறுதலாக மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தால் பெரும்பாலும் 10, 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நெல்லு மணி அளவுச் சதைத்துண்டு எடுத்தாலும் வலிக்காது, ஏனென்றால் இரைப்பையின் உள்தோலுக்கு வெட்டு வலி தெரியாது.

அந்தத் துண்டு எதற்கு? புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமில்லை, புண்ணை உண்டாக்குகிற ஒரு கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும்தான். இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், அவுஸ்திரேலிய டொக்டர்கள் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து, ஒரு நேரமும் விடாமல். கிருமி இல்லாத பலருக்குப் புண் வருவது வலிக் குளிசையால். வயலிலும் கடலிலும் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் நாரி நோவுக்கு டைக்குளோபினாக் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள், சிலர் இரைப்பையில் ஓட்டை விழுந்துதான் வார்ட்டுக்கு வருகிறார்கள். இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொரு விடயம், மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கச் சொல்வோம் இல்லையா, வேண்டாம். முள் இன்னும் ஆழமாகக் குத்தலாம். அதை இதே குழாயால் எடுக்கலாம். இரத்தம் கசியும் புண்ணில் கிளிப் போடுவதும், ஈரல் பழுதானவர்களின் உணவுக்குழாயில் வீங்கின நாளங்களுக்கு ரப்பர் வளையம் போடுவதும் இந்தக் குழாயால்தான்.

[திரை: பெருங்குடல் படம்.]

இதே மாதிரி இன்னொரு டெஸ்ட் கொலனொஸ்கோபி, அதில் மலவாசல் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பார்கள். பெருங்குடல் கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர், அது கழுவின பாத்திரம் மாதிரிச் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்னப் பொலிப் (குடலின் உள்சுவரில் வளர்கிற சதை) ஒன்று மலத்துக்குள் மறைந்துவிடும், பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடியதும் அதுதான். கண்டால் கம்பி வளையத்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே கீரை, கொய்யா, குரக்கன் பிட்டு, சிவப்பரிசிச் சோறு நிறுத்துங்கள். வெள்ளைச் சோறும் மீனும் முட்டையும் போதும். டெஸ்டுக்கு முதல் நாள் பிளேன்டீ, தெளிந்த சூப் மட்டும். சிவப்புச் சோடா வேண்டாம், உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும். பேதி மருந்தைச் சொன்ன அளவு முழுக்கக் குடியுங்கள், பாதியில் விட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

எண்டொஸ்கோபிக்கு முன் 6 மணி நேரம் சாப்பாடு இல்லை, பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். வெறும் தண்ணி எதுவரை குடிக்கலாம் என்று கேட்டு வையுங்கள். இன்சுலின், இரத்தம் உறையாமல் போடுகிற மருந்து எதையும் நீங்களாக நிறுத்தவோ போடவோ வேண்டாம், திகதி எடுக்கும்போதே கேளுங்கள்.

ஆபத்தே இல்லையா? இரத்தக் கசிவு, குடலில் ஓட்டை வருவது உண்டு, ஆனால் அரிது. வீட்டுக்கு வந்த பிறகு கடும் வயிற்று வலி, காய்ச்சல், இரத்தம் என்றால் உடனே திரும்பிப் போங்கள். தொண்டை விறைப்பு விடும்வரை சாப்பிடாதீர்கள். மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும்.

மறுகா, சதைத்துண்டு எடுத்திருந்தால் ரிப்போட் வரச் சில வாரம் ஆகலாம். எரிவு குறைந்துவிட்டது என்று அதை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். எந்த நாள், எந்த இடம் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.