நம்பியாரைத் திட்டிய எங்கள் ஆயா

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எம்ஜிஆரைப் பற்றிப் பேச வீட்டுக்கு ஒருத்தர் இருக்கிறீர்கள், அதனால் நான் அவரிடம் அடி வாங்கியவரைப் பற்றிப் பேசுகிறேன். வில்லன் நடிகர் எம்.என்.நம்பியார்.

எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். மகாராணி தியேட்டரில் 'எங்க வீட்டுப் பிள்ளை' திரும்பப் போட்டபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். 1965 படம், நான் பார்த்தது பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. எம்ஜிஆருக்கு அதில் இரட்டை வேடம். அதில் ஒருத்தரான பயந்தாங்கொள்ளி ராமுவை அக்கா புருஷன் நம்பியார் சவுக்கால் விளாசுகிறார், பக்கத்தில் ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேவிட்டார். "கட்டையில போறவனே, புள்ளைய உட்றா!" யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டு திட்டினார்கள். அப்புறம் அந்த இன்னொரு எம்ஜிஆர் வந்து அதே சவுக்கைக் கையில் எடுத்தபோது எழுந்த விசில் இருக்கிறதே, தகரக் கூரையாக இருந்திருந்தால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

அந்த விசிலில் பாதி நம்பியாருக்குச் சேர வேண்டியது. அடிக்கிறவன் கையை மட்டும் பார்த்தால் யாருக்கும் விசில் வராது, அடி விழுகிறவன் முகத்தில் அதுவரை இருந்த திமிர் எப்படி இறங்குகிறது என்று பார்க்கும்போதுதான் வரும். நம்பியார் அதை அளந்து இறக்குவார். கண்ணை இடுக்கி, உள்ளங்கை இரண்டையும் தேய்த்துக்கொண்டே நிற்பாரே, இன்றைக்கும் மிமிக்ரி செய்கிற பையன்கள் முதலில் பிடிப்பது அந்தக் கையைத்தான்.

இது ஒரே நாளில் வந்த வித்தை இல்லை. கண்ணூர்ப் பக்கத்தில் 1919இல் பிறந்தவர், 13 வயதில் நவாப் ராஜமாணிக்கம் நாடக கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். முதல் படம் 1935இல் 'பக்த ராமதாஸ்'. நிறையப் பேர் மறந்துபோனது ஒன்று உண்டு, 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அவர்தான் கதாநாயகன், வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நடித்தார். அதே வருடம், அதே கம்பெனியின் 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவாக வில்லத்தனம். கதாநாயகனாகவும் நின்றவர், அதற்கப்புறம் பல பத்து வருடம் தோற்கிற பக்கத்தில் நின்று அந்தத் தோல்வியை நம்ப வைத்தார். அந்த மனசு எல்லா நடிகருக்கும் வராது.

ஹார்பரில் வேலை பார்த்த எங்கள் அப்பா வருடா வருடம் மாலை போடுவார். ஒருநாள் ஆயாவிடம், "ம்மா, நம்பியார் எங்களுக்கெல்லாம் குருசாமிம்மா, குடி கிடையாது, கறி கிடையாது, சபரிமலைக்கு எத்தனை வருஷமா போறாரு தெரியுமா" என்றார். ஆயா நம்பவே இல்லை. 1982இல் 'தூறல் நின்னு போச்சு' வந்தது, அதில் நம்பியார் குஸ்தி வாத்தியார், நல்ல மனுஷன். கடைசி ரீல் வரைக்கும் ஆயா அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறும்போதுதான், "பாவம்டா, அந்த ஆளை எவ்ளோ திட்டியிருக்கேன்" என்றார்.

2008 நவம்பர் 19, நம்பியார் இறந்த நாள். கார்த்திகை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அப்பா கழுத்தில் புது மாலை. டிவியில் செய்தி ஓடியதும் எழுந்துபோய் விளக்கேற்றிவிட்டு, "சாமியே சரணம்" என்று மெதுவாகச் சொன்னார்.