செக்ரோலில் இல்லாத பெயர்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

போன வாரம் ஒட்டுக்கடையில் செம்பனைக் குலை வெட்டும் ஓர் இந்தோனேசியத் தம்பியைப் பார்த்தேன். அவன் சட்டையில் சுகார்த்தோ சிரித்தபடி கையசைக்கிறார். கீழே ஜாவா மொழியில், "எப்படி இருக்கீங்க? என் காலம் நல்லா இருந்துச்சு இல்ல?" இந்தோனேசியாவின் அதிபராக இருந்து 1998 மே 21-இல் பதவி விலகியவர் அவர். தம்பி அப்போது பிறந்திருக்கவே மாட்டான்!

நாம் மட்டும் என்ன? தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளைப் பற்றி, "வெள்ளைக்காரத் தொரை இருந்தப்ப லயம் எவ்வளவு சுத்தம்" என்று பேசாத வீடு உண்டா? பொய் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது.

சுகார்த்தோவுக்கும் அப்படிக் காட்ட நிறைய உண்டு. 1970-இல் மக்களில் சுமார் 60 விழுக்காடு ஏழைகள். 1996-இல் அது சுமார் 11. எழுபதுகளில் கட்டிய தொடக்கப்பள்ளிகள் மட்டும் 61,000-க்கு மேல். மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நம்மோடு நடத்திய கொன்ஃபிரந்தாசி மோதலும் 1966-இல் முடிந்தது. ஆனால் அவர் ஆட்சியைப் பிடித்த காலத்தில், கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி நடத்திய 1965-66 படுகொலைகளில் இறந்தவர்கள் ஐந்து லட்சம் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. பத்து லட்சம் என்பாரும் உண்டு.

இந்தத் தட்டில் பள்ளிக்கூடம், அந்தத் தட்டில் பிணம் என்று நிறுத்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. வரலாற்றாசிரியர் வேறு மாதிரி கேட்பார். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியதே, அந்தப் பணம் வேறு யார் கையில் இருந்தாலும் பள்ளி எழும்பியிருக்காதா? 2,400 ரூப்பியாவாக இருந்த டாலர், 1997 நெருக்கடி தொடங்கி ஓராண்டுக்குள் 15,000-ஐத் தாண்டியது. அவ்வளவு வேகமாகச் சரிந்ததை உறுதியான கட்டடம் என்று சொல்லலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கணக்கை எழுதியவர் யார்?

தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம் நினைவிருக்கிறதா? விடியுமுன் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பெயர் கூப்பிட்டு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் சரியாக இருக்கும். எதிர்த்துக் கேட்டவனை மூட்டை முடிச்சோடு விரட்டிய கதை மட்டும் இருக்காது. மறுநாள் அவன் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

சுகார்த்தோவின் செக்ரோலும் அதே ரகம். விடுதலையான அரசியல் கைதிகளின் அடையாள அட்டையில் 'ஈ.டி.' என்று முத்திரை குத்தினார்கள், முன்னாள் கைதி என்று பொருள். அரசாங்க வேலை கிடையாது. பிள்ளைகளையும் அந்தக் கறை விடவில்லை. அப்புறம் யார் வாய் திறப்பார்? 1998-க்குப் பிறகுதான் கிழவர்களும் கிழவிகளும் துணிந்து பேசினார்கள். அந்த ஆட்சியைப் பற்றிய புத்தகங்கள் மாறியதற்கு அவர்களின் பேச்சு ஒரு பெரிய காரணம்.

2025 நவம்பர் 10-இல் சுகார்த்தோவைத் தேசிய வீரராக அறிவித்தார்கள். அதே பட்டியலில் மர்சினா என்ற பெண்ணும் இருக்கிறார். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் நின்று, 1993-இல், சுகார்த்தோ ஆட்சியிலேயே கொல்லப்பட்டார். ஒரே நாளில் இருவருக்கும் மாலை!

சரி, பின்வரிசையில் பாட்டி ஒருவர் கையைத் தூக்கி ரொம்ப நேரமாகிறது. தம்பி, ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.