தறி தானா நிக்கணும்: எங்க தறிக்கூடத்துல நான் மாட்டுன சின்ன டப்பா

வாங்க வாங்க, எல்லாரும் நல்லா இருக்கீயளா? சத்தம் ரொம்ப இருக்கும், பொறுத்துக்கிடுங்க, மைக்கை காலர்லதான் குத்தியிருக்கேன். இது எங்க தறிக்கூடம், சங்கரன்கோவில். மொத்தம் ஆறு விசைத்தறி, இப்ப நாலு ஓடுது, ரெண்டு, பாவு, அதாவது நீளவாட்டு நூல், வராம சும்மா கெடக்கு. அந்தா அங்கன துண்டு கட்டிக்கிட்டு நிக்காவல்லா, அதுதான் எங்க அப்பா, வீடியோன்னா மூஞ்சிய திருப்பிக்கிடுவாவ. நாங்க கூலிக்கு காட்டன் சேலை நெய்யுதோம், மூணு தலைமுறையா இதுதான் தொழில், நான் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிச்சிட்டு வந்து இங்கனேயே சுத்திக்கிட்டு இருக்கேன்.

போன வீடியோல தறி ஓரத்துல ஒரு பச்சை லைட் போட்ட டப்பா தெரிஞ்சிச்சி, அது என்னன்னு நெறைய பேரு கேட்டிருந்தீய. சொல்லுதேன். ஆனா டப்பாவுக்கு முன்னாடி வேற ஒரு சாமான் காட்டணும், அத பாக்காம டப்பாவ காட்டுனா அர்த்தமே இல்ல.

இந்தா பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு போறேன். நூல அடிச்சி சேக்குற பலகை ஓரத்துல முள்ளுக்கரண்டி மாதிரி மூணு பல்லு வச்ச கம்பி ஒண்ணு ஆடுதுல்லா? இதுக்குப் பேரு வெஃப்ட் போர்க், எங்க பக்கம் வெறுமன போர்க்குன்னுதான் சொல்லுவோம். குறுக்கு நூல, அதாவது ஊடைய, தூக்கிக்கிட்டுப் போற நாடா அந்தப் பக்கம் போயிட்டு திரும்ப இந்தப் பக்கம் வரும்போது ஊடை நூல் இந்த மூணு பல்லுக்கு முன்னால இழுத்துக்கிட்டு நிக்கும், பலகை முன்னாடி வந்து அடிக்கும்போது அந்த ஒத்தை நூல் பல்ல தள்ளிவிடும், தள்ளுனா கம்பியோட வால் மேல தூக்கிக்கிடும், கீழ அசையுற கொக்கி அதுல மாட்டாது, தறி பாட்டுக்கு ஓடும். நூல் அறுந்துட்டுன்னா, இல்ல நாடாவுக்குள்ள இருக்க தார், அதாவது ஊடை நூல் சுத்துன குச்சி, தீந்து போச்சின்னா, பல்ல தள்ள ஆளு கிடையாது, பல்லு பலகையில இருக்க கம்பி வலைக்குள்ள சும்மா நுழைஞ்சிட்டு வெளிய வந்துரும், வால் கீழேயே கெடக்கும், கொக்கி வந்து லபக்குன்னு பிடிச்சி இழுக்கும், கைப்பிடி தட்டி விழும், தறி நின்னுரும். இப்ப நான் கத்திரிய வச்சி ஊடைய வெட்டுதேன் பாருங்க... டக்கு. நின்னுட்டு பாத்தீயளா? கரண்டு கிடையாது, சென்சார் கிடையாது, ஒரு பருத்தி நூலோட இழுவிசை தள்ளுதா தள்ளலையாங்கிறதுதான் கேள்வியே.

இத நல்லா வேலை செய்யுற மாதிரி ஆக்குனது 1841 வாக்குல, இங்கிலாந்துல பிளாக்பர்ன்ங்கிற ஊர்ல, கென்வொர்த்தி, புல்லோன்னு ரெண்டு பேரு. விசைத்தறிக்கு கார்ட்ரைட் பேட்டன்ட் வாங்குனது 1785லயே, ஆனா பொறவும் ஐம்பது வருசத்துக்கு மேல அந்தத் தறிய ஒருத்தர் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டே நிக்க வேண்டியிருந்துச்சி, ஏன்னா ஊடை அறுந்தது தறிக்கு தெரியாது, அது பாட்டுக்கு வெறும் பாவ அடிச்சிக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கும், துணியில சந்து விழுந்துரும். வேகமா ஓட வைக்கிறது ஒரு கண்டுபிடிப்புதான், நான் இல்லைங்கல, ஆனா தப்பு வந்த ஒடனே தானா நிக்க வச்சாம் பாருங்க, எனக்கு அதுதான் பெரிய கண்டுபிடிப்பு. அந்த நாளுக்குப் பொறவுதான் ஒரு ஆளு நாலு தறி பாக்க முடிஞ்சிச்சி. எங்க அப்பா இன்னைக்கும் நாலு தறிய தனியா பாக்குதாவன்னா இந்த மூணு பல்லு கம்பியாலதான்.

இதுக்கு அடுத்து வந்தத வெரசா சொல்லிருதேன். 1894ல அமெரிக்காவுல நார்த்ராப் தறி வந்துச்சி, தார் தீந்தா தறிய நிறுத்தாமலே புது தார் தானா உள்ள போயிரும், பாவுல ஒத்தை இழை அறுந்தாலும் தறி நின்னுரும். ஜப்பான்ல சகிச்சி டொயோடா, அவரு அம்மா தறியில படுற பாட்ட பாத்துத்தான் இதுல இறங்குனாருன்னு சொல்லுவாங்க, 1924ல அவரு ஓடுற வேகத்துலயே நாடாவ மாத்துற தறிய முடிச்சாரு. அந்த பேட்டன்ட் உரிமைய 1929ல இங்கிலாந்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டுச்சி, அந்தப் பணம்தான் அவரு மகன் கார் ஆராய்ச்சிக்கு போச்சின்னு சொல்லுவாங்க. ஆமா, ரோட்டுல ஓடுற அந்த டொயோட்டா காருதான். தப்பு வந்தா மெசின் தானா நிக்கணும், ஆளு பக்கத்துலேயே காவல் நிக்கக் கூடாதுன்னு அவங்க கார் ஃபேக்டரியில இன்னைக்கும் வச்சிருக்க முறைக்கு ஜிடோக்கான்னு பேரு, அது தறியில இருந்து போனதுதான். தறிக்காரன் புள்ளைக்கு இத கேக்கும்போது நெஞ்சு நிறைஞ்சிருமா நிறையாதா, நீங்களே சொல்லுங்க.

சரி, எங்க தறியில என்ன இல்லன்னா, பாவு அறுந்தா நிக்கிற வசதி கிடையாது. புதுத் தறியில ஒவ்வொரு பாவு இழையிலயும் மெல்லிசா ஒரு தகடு தொங்கும், டிராப்பர்னு சொல்லுவாங்க, இழை அறுந்தா தகடு கீழ விழும், விழுந்தா கரண்டு பாதை ஒண்ணு சேரும், தறி நிக்கும். எங்களுது சாதா தறி, அந்த வேலைய அப்பாவோட கண்ணுதான் செய்யுது. தறி ஓடும்போது அவிய துணிய பாக்க மாட்டாவ, பாவ தூக்கி இறக்குற விழுதுக்கு பின்னாடி இழைய பாப்பாவ, வெளிச்சத்துல ஒரு இழை மட்டும் தொங்கி ஆடும், அது எனக்கு இருபத்தாறு வயசாகியும் பிடிபடல.

இப்ப டப்பாவுக்கு வாறேன். தறியோட கிராங்க் சாஃப்ட் ஒரு சுத்து சுத்துனா ஒரு ஊடை. அப்ப சுத்த எண்ணுனா போதும், எம்புட்டு நெய்ஞ்சிருக்கோம்னு கிடைச்சிரும். இஞ்சிக்கு 60 ஊடை வச்சி அஞ்சரை மீட்டர் சேலைன்னா கிட்டத்தட்ட 13,000 ஊடை, நிமிசத்துக்கு 140 ஓடுற தறின்னா நிக்காம ஓடுனா ஒன்றரை மணி நேரத்துல ஒரு சேலை இறங்கணும். ஆனா இறங்காதுல்லா. இடையில போற நேரம் எங்க போவுதுங்கிறதுதான் எனக்கு தெரியணும், அதுக்குத்தான் இது. உள்ள இருக்குறது இ.எஸ்.பி. 32ன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு, காந்தம் கிட்ட வந்தா உணர்ற ஒரு ஹால் சென்சார், சாஃப்ட்ல ஒரு காந்தம், அப்புறம் மூணு பட்டன். காந்தம் சென்சார கடக்கும்போதெல்லாம் ஒண்ணு கூடும், எட்டு செகண்டு ஒண்ணும் வரலைன்னா தறி நின்னுட்டுன்னு நேரத்த குறிச்சிக்கிடும், திரும்ப ஓட்டும்போது அப்பா ஒரு பட்டன அமுக்குவாவ, ஊடையா, பாவா, ரிப்பேரான்னு. ராத்திரி வைஃபைல என் போனுக்கு வந்துரும். அம்புட்டுதான்.

கேக்க லேசா இருக்குல்லா, மூணு தடவ தோத்துப் போச்சி. முதல்ல வெளிச்சத்துல வேலை செய்யுற ஐ.ஆர். சென்சார் வச்சேன், ரெண்டே நாள்ல பஞ்சுத் தூசு படிஞ்சி கண்ண மூடிட்டு, தறிக்கூடத்துல தூசி எப்படி பறக்கும்னு பொறந்ததுல இருந்து பாக்குற நானே அத யோசிக்கல. அதான் காந்தத்துக்கு மாறுனேன், அதுக்கு தூசு ஒரு பொருட்டே கிடையாது. அடுத்து காந்தத்த பசை போட்டு ஒட்டுனேன், தறி அதிர்ச்சில பிச்சிக்கிட்டு போயி அப்பா காலுக்கு பக்கத்துல விழுந்துச்சி, நல்ல வேளை. "ஏளா, சாஃப்ட்ல எதையும் ஒட்டாத, கட்டு"ன்னு சொன்னாவ, இப்ப பைப்புக்கு போடுற கிளிப் வச்சி இறுக்கி கட்டியிருக்கேன், இந்தா தெரியுதா. மூணாவது, மோட்டார் ஆன் பண்ணும்போதெல்லாம் சும்மாவே எண்ணிக்கை ஏறிரும். 140 வேகத்துல ரெண்டு சுத்துக்கு நடுவுல கிட்டத்தட்ட 430 மில்லி செகண்டு இருக்கும், அதனால 200க்குள்ள எது வந்தாலும் கணக்குல எடுக்காதன்னு புரோகிராம்ல எழுதுனேன், ஒயரையும் உறை போட்டதா மாத்துனேன், சரியாயிட்டு.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறேன். அந்தா மேக்குப் பக்கம் வாசல ஒட்டி இருக்குல்லா, நாலாவது தறி, அது எப்பவுமே சண்டித் தறி. அப்பா தறிய குறை சொல்லுவாவ, பாவு ஓட்டுனவர குறை சொல்லுவாவ, ரெண்டு தடவ ஃபிட்டர கூட்டிட்டு வந்து காசும் போச்சி. டப்பா மாட்டி மூணு வாரம் கழிச்சி கணக்க வரிசையா பாக்கேன், காலைல மத்த தறி மாதிரிதான் அதுவும் ஓடியிருக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மட்டும் பாவு பட்டன் அமுக்கி அமுக்கி வச்சிருக்கு, சாயந்தரம் திரும்ப அடங்கிட்டு. ஒவ்வொரு நாளும் இதே கதை. ரெண்டு மணிக்கு என்ன வருதுன்னு போயி அந்த தறிகிட்ட நின்னேன், வாசல் வழியா அனல் காத்து நேரா பாவு மேல அடிக்கி. பருத்தி நூலு ஈரப்பதம் இருந்தாத்தான் பலமா இருக்கும், காஞ்சா நூல்ல போட்ட கஞ்சி விறைச்சி இழை பட்டு பட்டுன்னு அறும். அப்பா ஒண்ணுமே பேசல, ரெண்டு கோணிச் சாக்க நனைச்சி வாசல்ல தொங்க விட்டாவ, கீழ ஒரு வாளித் தண்ணியும் வச்சாவ. அன்னைக்கு சாயந்தரம் அந்தத் தறியோட மத்தியானக் கணக்க நான் தனியா எண்ணுனேன், பாவு பட்டன் ரெண்டே தடவதான். குத்தாலத்துல சாரல் பிடிச்சா ஆனி ஆடியில நம்ம ஊருலயும் நெசவு நல்லா ஓடும்னு தாத்தா சொல்லுவாவ, அது சும்மா சொன்னது இல்ல, அவியளுக்கு கணக்கு உடம்புலேயே இருந்துருக்கு.

பெரிய மில்லுல இத வேற மாதிரி செய்யுதாங்க. எங்க மதினி ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல சைடர் வேலை, அதாவது அறுந்த நூல ஒட்டுற வேலை, பாக்குதாவ, மில்லு பேரு வேண்டாம். நூல் முறுக்குற ஒரு ரிங் ஃபிரேம் மெசின்ல ஆயிரத்துக்கு மேல ஸ்பிண்டில், நம்ம கதிர், இருக்கும், முன்னாடியெல்லாம் எந்த ஸ்பிண்டில்ல நூல் அறுந்திருக்குன்னு நடந்து நடந்து பாக்கணும். இப்ப ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார், டிராவலர்னு ஒரு சின்ன வளையம் சுத்துதா இல்லையான்னு பாக்கும், சுத்தலைன்னா அங்கன ஒரு எல்இடி எரியும், மதினி நேரா அங்க போயி ஒட்டிட்டு வந்துருவாவ. நடை பாதியாக் குறைஞ்சிட்டுன்னு முதல்ல சந்தோசமா சொன்னாவ. நூல கோன்ல சுத்துற வைண்டிங்லயும் அப்படித்தான், சுவிட்சர்லாந்துல உஸ்டர்ங்கிற ஊர்க்காரங்க 1960ல கொண்டு வந்த எலக்ட்ரானிக் கிளியரர், ரெண்டு தகடுக்கு நடுவுல நூல் ஓடும், தடிமனா ஒரு எடம் வந்தா தகடு மின்சாரத்த தேக்குற அளவு மாறும், அந்த எடத்த வெட்டி எடுத்துரும், இப்பல்லாம் முடிச்சு கூட கிடையாது, காத்த அடிச்சி ரெண்டு நுனியையும் முறுக்கி சேத்துரும். அருமையான வேலை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது.

ஆனா மதினி மில்லுல அந்த ஸ்பிண்டில் சென்சார் கணக்கு வாற ஸ்கிரீன்ல பொறவு இன்னொரு பத்தி ஏறிட்டு. எந்த சைடர் லைட் எரிஞ்சி எம்புட்டு நேரத்துல வந்தாவ, பேரோட, செவப்பு மஞ்சள் பச்சைன்னு. மதினி ஒரு நாள் பாத்ரூம் போயிட்டு வாறதுக்குள்ள செவப்பு ஆயிட்டு, சூப்பர்வைசர் போன நீட்டிக்கிட்டு வாசல்லேயே நிக்கான். அத சொல்லும்போது அவிய கண்ணு கலங்கிட்டு. பஞ்சு ஈரமா காய்ஞ்சதா, டிராவலர் தேஞ்சிருக்கா, ஏன் இந்த ஸ்பிண்டில் மட்டும் திரும்பத் திரும்ப அறுதுன்னு அந்த மெசின் கிட்ட கேக்கலாம்லா, அதுக்கு பதில் அதுக்குள்ளேயே இருக்கு. அத கேக்காம பொம்பளப் புள்ளைய கேக்கான்.

மில்லுல ஆள இப்படி பிழியுறது நம்ம சீமையில புதுசு கிடையாது. பாபநாசத்துல தாமிரபரணித் தண்ணி விழுற வேகத்துலேயே மில்லு ஓட்டுன ஹார்வி கம்பெனிதான் தூத்துக்குடி கோரல் மில்லையும் நடத்துச்சி, அங்கன 1908 பிப்ரவரி 27ம் தேதி வேலை நிறுத்தம், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்னாங்க, கேட்டது கூலி உயர்வும் ஞாயித்துக்கிழமை லீவும். ஒரு நாள் லீவு கேட்டு ஒன்பது நாள் வெளிய நின்னாங்க மக்களே.

அதனாலதான் என் டப்பாவுல ஆளு பேரு போட எடமே வைக்கல. தறி நம்பர் இருக்கு, நேரம் இருக்கு, காரணம் இருக்கு, யாரு ஓட்டுனாங்கிறது கிடையாது. பக்கத்துத் தெருவுல ஒரு அண்ணாச்சி பன்னெண்டு தறி வச்சிருக்காவ, எனக்கும் செஞ்சி குடு, கூட வேலை பாக்குறவன் எப்ப டீ குடிக்கப் போறான்னு தெரியுற மாதிரி ஒண்ணு சேத்துருன்னு கேட்டாவ. டப்பா தாறேன் அண்ணாச்சி, அது மட்டும் முடியாதுன்னு சொல்லிட்டேன். கோவம்தான், பேசல. பேசுவாவ.

அடுத்து நாலாவது தறிக்கு டிராப்பர் மாட்டிப் பாக்கணும், பழைய தகடு கொஞ்சம் கிடைச்சிருக்கு, பாவு இழை ஒவ்வொண்ணா கோக்கணும், அம்மாவும் நானும் உக்காந்தா ரெண்டு நாள் ஆவும். கோத்து முடிச்சிட்டு ஓட்டிக் காட்டுதேன். இரிங்க, அந்தா ரெண்டாவது தறி நின்னுட்டு, தார் தீந்துருக்கும். அப்பா சாப்பிடப் போயிட்டாவ, நான் போயி மாத்துதேன். வாறேன்.